பழுதுப் பதிவேட்டில் ஒரு பொட்டு

செப்டம்பர் 26, வெள்ளி

பழைய நோட்டு தீர்ந்த அன்றே டெஸ்ட் ரூம் கம்ப்யூட்டரும் தீர்ந்துபோனது. ஸ்விட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. மயில்சாமி அண்ணன் பெட்டியின் மண்டையில் இரண்டு தட்டு தட்டினார். எதையும் இரண்டு தட்டு தட்டாமல் அவர் கைவிடமாட்டார்.

புது நோட்டு என்பதால் ஒரு முறை எழுதி வைக்கிறேன். நாங்கள் செய்வது மோட்டார் பம்பு. செய்து முடித்த பம்பைத் தொட்டியில் மாட்டி ஓட்டி, வால்வை ஒன்பது நிலையில் திறந்து, ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்து சான்றிதழ் அச்சடிப்பது டெஸ்ட் ரூம். வால்வுக்கு அண்ணன், கம்ப்யூட்டருக்கு நான். பத்தொன்பது வருடமாகப் பொறுப்பு என்னுடையது. அளவுகளைச் சரிபார்க்கும் சாஃப்ட்வேர் ஆதிகாலத்தது, பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். டெஸ்ட் ரூமைச் சோதிக்க வரும் ஆடிட்டர்கள் ஒப்புதல் கொடுத்தது அதற்குத்தான் என்பதால் மாற்றவும் முடியாது.

"கோகிலவாணி மேடம், இதோட இந்த ரூமுக்கு மூடுவிழா நடத்திடலாமா?" என்றார் ஜி.எம். பார்த்திபன். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவர் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. நான் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நிர்மல் என்ற இன்ஜினியர் சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்து, செத்த கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்ததை எல்லாம் எடுத்து, புதியதற்குள் ஒரு சதுரத்தில் உயிரோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். விர்ச்சுவல் மெஷின் என்கிறார். கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர். நான் உள்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டேன்.

சட்டம் இவ்வளவுதான். சதுரத்துக்குள் ஒரு க்ளிக் செய்தால் மவுஸும் கீபோர்டும் உள்ளே போய்விடும். வெளியே வர வேண்டுமானால் கீபோர்டில் வலது பக்கம் இருக்கும் கன்ட்ரோல் கீயை ஒரு தட்டு தட்ட வேண்டும். கூடவே வந்த புது மீட்டர் காட்டும் அளவு சதுரத்துக்கு வெளியே தெரியும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அடித்து R அழுத்தினால் பதிவாகும். ஒன்பதும் முடிந்ததும் P அழுத்தினால் சான்றிதழ் அச்சாகும். ஒரு பம்புக்கு ஒன்பது முறை உள்ளே, ஒன்பது முறை வெளியே.

உள்ளே மவுஸ் அம்பு தத்தித் தத்தி ஓடியது. நிர்மல் போனில், "ரொம்பப் பழைய சிஸ்டம் மேடம், அதுக்குண்டான டிரைவர் கிடைக்காது, அப்படித்தான் இருக்கும்" என்றார். அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆகாது. உள்ளே இருக்கும் கன்ட்ரோல் பேனலில் மவுஸ் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். அடங்கிவிட்டது. ஆறு பம்பு முடித்தோம்.

நடுநடுவே உள்பெட்டி நிஜமாகவா, நிச்சயமாகவா என்று ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தது. இனிமேல் கேட்காதே என்பதில் டிக் போட்டுவிட்டேன். தொணதொணப்பு எனக்குப் பிடிக்காது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஜி.எம். நேற்றே சுற்றறிக்கை ஒட்டியிருந்தார். கம்ப்யூட்டர், மின் சாதனங்கள் மீது சந்தனம், குங்குமம் வைக்கக் கூடாதாம். பூஜை ஸ்டோர் பக்கத்தில் பொதுவாக ஒரே இடத்தில் நடக்குமாம். படித்தேன். கையெழுத்தும் போட்டேன்.

பத்தொன்பது வருடமாக டெஸ்ட் ரூமுக்கு நான்தான் பூஜை போடுகிறேன். காலை ஏழரைக்கே போய்த் தொட்டி, வால்வு, மீட்டர் எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தேன். கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. எழுத்துக் கீயில் வைத்தால் எழுத்து அழிந்துபோகும், ஆகவே வருடாவருடம் வைக்கிற, கடிதம் அடிக்கத் தேவைப்படாத ஓரத்துக் கீயில் ஒன்றே ஒன்று. அலமாரியில் இருக்கும் ஸ்பேர் கீபோர்டுக்கும் அதே இடத்தில் ஒன்று. ஓரவஞ்சனை கூடாது.

போன வருடம் சந்தனம் காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்தது. இந்த முறை பொரிக்கு வாங்கிய நாட்டுச்சர்க்கரையில் துளி எடுத்துத் தண்ணீரில் கரைத்துச் சந்தனத்தைக் குழைத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 3, வெள்ளி

உள்பெட்டி மக்கர். முதல் அளவு பதிவானது. இரண்டாவதற்கு எண்ணை அடிக்கிறேன், விழவே இல்லை. மவுஸ் உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்கிறது. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தால் சரியாகிறது. அடுத்த அளவுக்கு மறுபடியும் அதே கதை. மதியம் P அழுத்தினேன். சான்றிதழ் வரவில்லை, திரை அப்படியே உறைந்து நின்றது.

நிர்மல் சென்னையில் இருந்தபடியே நம் கம்ப்யூட்டருக்குள் வந்து, அங்கிருந்தே அடித்துப் பார்த்தார். எல்லாம் விழுகிறது. "எங்க சைடு பக்காவா இருக்கு மேடம்" என்றார். அவர் கையில் நல்ல பிள்ளை, என் கையில் ரவுடி.

அக்டோபர் 4, சனி

கீபோர்டைக் கழற்றிவிட்டு அலமாரியிலிருந்து ஸ்பேரை மாட்டினேன். அதே மக்கர். ஆக, கீபோர்டு இல்லை என்பது தீர்ந்தது. பழுதுப் பதிவேட்டில் "கீபோர்டு காரணம் அல்ல. மாற்றிச் சோதிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பதிவேடு நான் ஆரம்பித்தது. எந்தப் பழுதானாலும் என்ன, ஏன், யாரால் என்று மூன்றும் எழுத வேண்டும். ஆறு வருடம் முன்பு வால்வைத் திறக்காமலே பம்பை ஓட்டி ஒரு மோட்டார் கருகியது. கரண்ட் ஏறி இறங்கியதால் என்று எழுதிவிடலாம் என்றார் அண்ணன். நான் விடவில்லை. "வால்வைத் திறக்க மறந்தேன் - மயில்சாமி" என்று அவர் கையாலேயே எழுத வைத்தேன். அந்த வருடம் வரவேண்டிய ஃபோர்மேன் பதவி அவருக்கு வரவில்லை. அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை மனிதர்.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

ஜி.எம். வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஐந்தாவது அளவில் உள்பெட்டி படுத்துக்கொண்டது.

"வெளி லேபுக்கு அனுப்பிடலாம் மேடம். இத எத்தனை நாள் கட்டிட்டு அழறது? நீங்க டெஸ்பாட்சுக்குப் போயிடுங்க, அங்க ஆள் கம்மி."

"மயில்சாமி அண்ணன்?"

"அவருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு மூணு வருஷம்தானே. பேசிக்கலாம்."

பேசிக்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அண்ணன் வால்வைப் பிடித்தபடி எங்களைப் பார்க்காமல் நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினைந்தாம் தேதி ஆடிட்டர் வரும்வரை டைம் கேட்டேன். அன்று ஆடிட்டர் முன்னால் மூன்று பம்பு தடங்கலில்லாமல் ஓட வேண்டும், ஓடினால் ரூம் இருக்கும் என்றார்.

"எழுதிக் குடுத்துருங்க சார்" என்றேன்.

முறைத்தார். ஆனால் எழுதிக் கொடுத்தார். தாளை இந்த நோட்டில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

எட்டாவது அளவுக்கு R அழுத்தினேன். உள்பெட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் தன்னைத்தானே அணைத்து முதலிலிருந்து எழுந்தது. ஏழு அளவும் போச்சு. நிர்மலிடம் கத்திவிட்டேன். பாவம், அவர் வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

மேஜையெல்லாம் எறும்பு. அண்ணன் டீயோடு வெல்லக் கச்சாயம் தின்றுவிட்டு இங்கேயே கையை உதறுகிறார். சொல்ல வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

ஒன்பது நாள் கழித்து நல்ல தண்ணீர் வந்தது. குடம், டிரம், அண்டா, இருக்கிற பாத்திரம் எல்லாம் பிடித்து முடிக்க எட்டரை. தாமதமாகப் போனேன். ஜி.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் என்னுடையதைப் பார்த்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

உள்பெட்டியை அடியோடு அழித்துவிட்டு நிர்மல் சொல்லச் சொல்லப் புதிதாக ஏற்றினேன். மாலை நாலு மணிக்கு முதல் அளவு நன்றாக விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

நிர்மல் நொந்துபோய், "மேடம், வெளிய வர்ற கீய மாத்திப் பாக்கலாமா? ரைட் கன்ட்ரோலுக்குப் பதிலா வேற ஏதாவது?" என்றார்.

"கீபோர்டுல ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு கீபோர்டுல போட்டுப் பாத்து கையெழுத்தே போட்டிருக்கறேன்" என்றேன்.

"சும்மா ஒரு ட்ரை."

"வேண்டாங்க."

ஏன் அவ்வளவு வேகமாக வேண்டாம் என்றேன்? கையெழுத்துப் போட்ட விஷயத்தை எவரோ ஒருவர் போனில் மாற்றச் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும். அதனால்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கக் குறித்தேன். இருபத்திரண்டு முறை நின்றது. ஒரு முறைகூட முதல் அளவில் நிற்கவில்லை. உள்ளே போய் ஒரு தரம் வெளியே வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. சாதாரணமாக வெளியே உட்கார்ந்து கடிதம் அடித்தால் எந்தத் தொல்லையும் இல்லை.

எறும்பு குறையவில்லை. அண்ணனிடம் சொன்னேன். "நான் கச்சாயம் தின்னு நாலு நாளாச்சு அம்மணி" என்றார்.

அக்டோபர் 11, சனி

காலையில் அண்ணன் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். நான் மேஜையில் பழைய கீபோர்டையே திரும்ப மாட்டியிருந்தேன், ஸ்பேர் உள்ளே இருந்தது.

"அம்மணி, கச்சாயத்துக்கு வந்த எறும்பு பூட்டுன அலமாரிக்குள்ள எதுக்குப் போவுது?"

பார்த்தேன். அலமாரியில் ஒரு வரிசை ஸ்பேர் கீபோர்டுக்குப் போகிறது. மேஜையில் ஒரு வரிசை இந்தக் கீபோர்டுக்கு வருகிறது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். வலது ஓரம், கன்ட்ரோல் கீ.

கொண்டை ஊசியை விட்டு நெம்பினேன். மூடி கழன்றது. உள்ளே சந்தனமும் குங்குமமும் சர்க்கரையும் சேர்ந்து இறுகிய செம்மண் பசை, அதில் ஏழெட்டு எறும்பு. கீயை ஒரு தரம் அழுத்தினால் ஒட்டிக்கொண்டு மேலே வர அரை நிமிடம் ஆகிறது. அதுவரைக்கும் உள்பெட்டிக்கு அந்தக் கீ அழுத்தியபடியே இருக்கிறது. அந்த நேரத்தில் நான் அடிக்கும் எண் போய்ச் சேராது. அந்தக் கீயோடு சேர்ந்தால் R என்றால் திரும்ப எழு என்று அர்த்தம், P என்றால் நில் என்று அர்த்தம். உள்பெட்டி நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறது, நிஜமாகவா என்று கேட்பதையும் நான்தான் முதல் நாளே நிறுத்தியிருந்தேன். வேறு எந்த வேலைக்கும் யாரும் அந்தக் கீயைத் தொடுவதில்லை, அதனால்தான் வெளியே ஒன்றும் தெரியவில்லை. நிர்மல் அடித்தது சென்னையில் இருக்கும் அவர் கீபோர்டில். மாட்டிப் பார்த்த ஸ்பேரிலும் அதே இடத்தில் என் கையால் வைத்த அதே பொட்டு.

வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கோபப்பட ஆள் யாரும் இல்லை.

அண்ணன் தானே பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து இரண்டு கீயையும் துடைத்தார். துடைத்த பஞ்சை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கலைங் அம்மணி" என்றார்.

மத்தியானத்துக்குள் பதினொரு பம்பு. ஒரு தடங்கலும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

தோசைக்கு அரைத்தேன். தீபாவளிக்கு ஒட்டடை அடித்தேன். இரண்டு வேலையிலும் மனம் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரியாப் போச்சுல்ல? கம்முனு இரு. நீயே போயி அந்தாளு கையில கத்தியக் குடுப்பியா?" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். சுற்றறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. அதை மீறியது நான், பழுது வந்தது என்னால், பத்து நாள் எல்லார் மீதும் எரிந்து விழுந்ததும் நான். எழுதினால் ரூமை மூட ஜி.எம்.முக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. என்னோடு அண்ணனும் போவார். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது.

அண்ணனுக்குத் தெரியும். ஆறு வருடம் முன்பு பேனாவை அவர் கையில் திணித்தது நான்.

அக்டோபர் 13, திங்கள்

முதலில் அண்ணனிடம் கேட்டேன். "நான் எழுதுனா உங்களுக்கும் சேத்து வேட்டு வெச்சிருவாங்க அண்ணா. நீங்க வேண்டாம்னா எழுதல."

ரொம்ப நேரம் வால்வையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "என்னைய எழுத வெச்சீங்கள்ல" என்றார். அவர் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. பேனாவை எடுத்தேன்.

நான்காம் தேதி எழுதிய "கீபோர்டு காரணம் அல்ல" என்பதன் மேல், படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: "தவறு. கீபோர்டுதான் காரணம். சுற்றறிக்கையை மீறி, சர்க்கரை கலந்த சந்தனப் பொட்டை இரண்டு கீபோர்டிலும் வலது கன்ட்ரோல் கீயில் வைத்தேன். கீ ஒட்டிக்கொண்டது. உள்ளே அடித்தது எல்லாம் மாறிப் போனது - கோகிலவாணி."

நிர்மலைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஐந்து நிமிடம் சிரித்தார். சிரிக்கட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஜி.எம். பதிவேட்டைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். போனை எடுத்து அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்தார்.

"நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நான் வேற தேடவே வேணாம்."

"அடுத்த பக்கத்தையும் எடுத்துக்கங்க சார்" என்றேன். "சனிக்கெழம காலையிலிருந்து முப்பத்தெட்டு பம்பு ஓட்டியிருக்கறோம். ஒரு எடத்துலயும் நிக்கல. தப்பு எழுதுன அதே கைதான் அதையும் எழுதியிருக்குது."

அந்தப் பக்கத்தை அவர் போட்டோ எடுக்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், அவருக்குத் தெரியும்படி வைத்தேன்.

அக்டோபர் 15, புதன்

ஆடிட்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே வந்தார். நான் பம்பை மாட்டச் சொல்வதற்குள் ஜி.எம். பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

"ஸ்டாஃப் நெக்லிஜென்ஸ் மேடம். அதான் டெஸ்டிங்க வெளிய குடுத்துடலாம்னு ஒரு யோசனை."

ஆடிட்டர் நின்றபடியே படித்தார். அடித்த வரியையும் விடாமல் படித்தார். பிறகு குனிந்து வலது கன்ட்ரோல் கீயை இருபது முறையாவது தட்டிப் பார்த்தார். ஸ்பேரையும் எடுக்கச் சொல்லித் தட்டினார்.

"இத எழுதினது யாரு?"

"நானுங்க."

"கண்டுபிடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "எறும்புங்க" என்றார் அண்ணன்.

ஆடிட்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூணு பம்ப் ஓட்டுங்க" என்றார்.

ஓட்டினோம். இருபத்தேழு முறை உள்ளே போனேன், இருபத்தேழு முறை வெளியே வந்தேன். ஒவ்வொரு முறை R அழுத்துவதற்கு முன்பும் கன்ட்ரோல் கீ மேலே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டேன். உள்பெட்டி ஒரு முறைகூட என்னைக் கைவிடவில்லை. மூன்று சான்றிதழையும் ஆடிட்டர் அச்சு இயந்திரத்திலிருந்தே சூட்டோடு எடுத்துக்கொண்டார்.

அறிக்கையில் இரண்டு குறிப்பு எழுதினார். ஒன்று, பணியாளர் நிர்வாகச் சுற்றறிக்கையை மீறியுள்ளார், நடவடிக்கை தேவை. இரண்டு, சோதனைக் கூடம் தகுதியுடையது, தொடரலாம்.

ஜி.எம்.மின் பார்வை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அவருடைய கையெழுத்தின் மேல் போனது.

அக்டோபர் 16, வியாழன்

காலை ஒன்பதுக்கே மெமோ வந்துவிட்டது. சுற்றறிக்கையை மீறியதற்கு விளக்கம் கொடுக்க வேண்டுமாம். இனி டெஸ்ட் ரூமில் எந்த விதமான பூஜையும் செய்யமாட்டேன் என்று உறுதிமொழியும் எழுதித் தர வேண்டுமாம்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க அம்மணி, எதுக்கு வம்பு?" என்றார் அண்ணன். அவர் சட்டைப் பையில் அந்தப் பஞ்சு இன்னும் இருந்தது. தூக்கிப் போடச் சொன்னேன்.

மெமோவின் பின்பக்கத்திலேயே எழுதினேன்: "கீபோர்டில் பொட்டு வைத்தது தவறு. இனி வைக்கமாட்டேன். கொடுக்கும் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த ஆயுத பூஜைக்கும் டெஸ்ட் ரூமில் பூஜை நடக்கும். பொட்டு கதவில் வைக்கப்படும், சர்க்கரை கலக்கப்படாது. தவறு என்னுடையது. டெஸ்ட் ரூமும் என்னுடையது."

பேரும் தேதியும் போட்டு அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். கன்ட்ரோல் கீயின் ஓரத்தில் குங்குமச் சிவப்பு இன்னும் லேசாக இருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அண்ணன் திரும்பி வருவதற்குள் அடுத்த பம்புக்கு நம்பர் அடித்து வைத்தேன். தீபாவளிக்கு முன்னால் நாற்பது முடிக்க வேண்டும்.